டீசல் ஊறிய வயலுக்கு எந்த ஆக்சிஜன்?

'பம்ப்செட் தொட்டி கசிந்து பத்து லிட்டர் டீசல் வயலில் இறங்கிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுண்ணுயிர்கள் பெருகி எண்ணெயைத் தின்றுவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம்.

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா நம் மண்ணிலேயே உண்டு. 1989-ல் அலாஸ்கா கடற்கரையில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் ஒதுங்கியபோது உரம் போட்டே அங்கிருந்த பாக்டீரியாவை வேலை வாங்கினார்கள். அதனால் பாட்டில் நுண்ணுயிரும் முதல் தேவையில்லை.

ஒரு கிலோ டீசல் முழுதும் சிதைய மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். பத்து லிட்டருக்கு 27 கிலோ வரும். இதைத் தண்ணீர் பாய்ச்சிக் கொடுக்க முடியாது. ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம்தான், 30 லட்சம் லிட்டருக்கு மேல் இறைக்க வேண்டும்! 50 சத பெராக்சைடு என்றால் 100 கிலோ தாண்டும். அதுவும் மண்ணில் பட்டதும் நுரைத்து, ஆக்சிஜன் மேலே பறந்துவிடும். கெட்டியாக ஊற்றினால் பாக்டீரியா சாகும், கையும் வெந்துபோகும். மெதுவாக ஆக்சிஜன் விடும் கால்சியம் பெராக்சைடு, எண்ணெய் நிலத்தடி நீர் வரை இறங்கிய இடங்களுக்கு உரியது.

மேல் ஓரடி மண்ணுக்கு உழவே போதும். முதலில் சுற்றி வரப்பு போட்டு, எண்ணெய் வாய்க்காலுக்குப் போகாமல் தடுங்கள். தேங்கி நிற்பதை மரத்தூள் போட்டு உறிஞ்சி அள்ளிவிடுங்கள். வயலில் தண்ணீர் நின்றால் காற்று புகாது; வடித்து, வாரம் ஒருமுறை கொத்திப் புரட்டுங்கள். மண் கைப்பிடியில் உருண்டையாக வேண்டும், நீர் சொட்டக் கூடாது.

கரி 100 பங்குக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்பது பழகிய கணக்கு. பத்து லிட்டர் டீசலுக்கு யூரியா ஒன்றரை கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஒரு கிலோ. யூரியாவை மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள். களிமண்ணாக இருந்தால் உமி கலந்தால் பொலபொலப்பாகும். பச்சைச் சாணம் கூடாது. பாக்டீரியா சுலபமான சாணத்தைத்தான் முதலில் தின்னும், ஆக்சிஜனும் அதற்கே செலவாகும்.

சில மாதங்கள் ஆகும். வாடை போனதும் அந்த மண்ணில் பாசிப்பயறு விதைத்துப் பாருங்கள். பக்கத்து நல்ல மண்ணில் முளைப்பது போல முளைத்தால் பயிர் வைக்கலாம்.

2017-ல் கதிராமங்கலத்தில் குழாயிலிருந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியதே, அதுபோன்றவை கலப்பையோடு முடியும் வேலையல்ல. உடனே வருவாய்த் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிக் கொடுங்கள். தோல் கழிவின் குரோமியத்துக்கும் இந்த முறை உதவாது. அது உலோகம், தின்று தீர்க்க முடியாது.