ஓடும் ரயிலில் போன் எப்படிப் பேசுகிறது?

கொஞ்ச நாள் முன்னாடி திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்கு ரயிலில் போய்க்கிட்டிருந்தேன். அம்பாத்துரை தாண்டியாச்சு, இடது பக்கம் சிறுமலை. மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து அம்மா கூப்பிட்டாங்க: "அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுப்பா." ஒரு எழுத்துகூட விட்டுப்போகல. அவ்வளவு வேகத்தில் ஓடும் ரயிலில் இது எப்படிச் சாத்தியம்? இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான்.

டவர் 1800 மெகாஹெர்ட்ஸில் பேசுதுன்னா, போனும் அதே அலைவரிசையைத் தானே உருவாக்கிக் கேட்கணும். அதற்கு உள்ளே ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் இருக்கு. சூட்டிலும் வயசிலும் அது பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகலாம். கேட்க அற்பம்தான். ஆனா 1800 மெகாஹெர்ட்ஸில் அது 18,000 ஹெர்ட்ஸ். 4ஜி-யில் பக்கத்துப் பக்கத்து அலைகளுக்கு நடுவே இடைவெளியே 15,000 ஹெர்ட்ஸ்தான். திருத்தாவிட்டால், ரேடியோவில் ரெண்டு ஸ்டேஷன் கலந்து கேட்கிற கதைதான்.

அதனால் போன் முதலில் தன் பிழையை அளக்குது. டவர் 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, போனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு குறியீட்டை அனுப்பும். வரும் சிக்னல் மேல அந்தக் குறியீட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, எங்கே அச்சாகப் பொருந்துதோ அதுதான் நேரம். அலைவரிசைப் பிழையும் தோராயமாகப் பிடிபடும்.

அடுத்தது நுணுக்கமான அளவு. 4ஜி-யில் ஒவ்வொரு சிம்பலின் கடைசித் துண்டு, சுமார் 4.7 மைக்ரோசெகண்ட், அதன் முன்னாலும் நகலாக ஒட்டப்படும். மலையிலும் கட்டடத்திலும் மோதி தாமதமாக வரும் எதிரொலியைத் தாங்கத்தான் இது. ஆனா 1997-ல் வான் டி பீக், சாண்டெல், போர்யேசன் மூவரும் இதே நகலை வைத்துப் பிழையைக் கணக்கிடும் வழியை வெளியிட்டார்கள். நகலும் அசலும் 66.7 மைக்ரோசெகண்ட் இடைவெளியில் வரும். அலைவரிசை சரியா இருந்தா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். 1,500 ஹெர்ட்ஸ் பிசகினா, அசல் 36 டிகிரி சுழன்று நிற்கும். சுழற்சியை அளந்தா பிழை தெரிஞ்சிடும். ஒரு சிக்கல்: முழுச் சுற்று சுற்றிட்டா சுற்றாத மாதிரியே தெரியும். அதனால்தான் தோராய அளவு முதலில்.

இப்போ ரயிலுக்கு வருவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் டவரை நோக்கி நேரா போனா, டாப்ளர் விளைவால் அலைவரிசை சுமார் 167 ஹெர்ட்ஸ் கூடும். டவரைத் தாண்டியதும் அதே அளவு குறையும். இன்னொண்ணு, போன் இந்தப் பிசகிய அலையோடு தன்னைச் சேர்த்துக்கிட்டு பதில் அனுப்பினா, டவருக்கு அது ரெண்டு மடங்காக, சுமார் 333 ஹெர்ட்ஸாகத் தெரியும். ஆக, டவரும் தன் பங்குக்கு அளந்து திருத்தணும்.

நேரத்திலும் இதே கதை. டவரில் இருந்து 3 கிலோமீட்டர் தள்ளி வயக்காட்டில் நிற்பவருக்கு சிக்னல் போய் வர 20 மைக்ரோசெகண்ட். பக்கத்துத் தெருவில், 300 மீட்டரில் இருப்பவருக்கு 2 தான். ரெண்டும் டவரில் ஒரே நேரத்தில் சேரணும். அதனால் தூரத்தில் இருப்பவரின் போனிடம், "நீ கொஞ்சம் முன்னாடியே அனுப்பு"ன்னு டவர் சொல்லும். ரயில் நகர நகர, இந்தக் கணக்கும் மாறிக்கிட்டே இருக்கும்.

அம்மா பேசி முடிப்பதற்குள் என் போன் இதை எத்தனையோ தடவை அளந்து திருத்தியிருக்கு. எனக்குக் கேட்டதெல்லாம் அப்பா நல்லா இருக்கார்ங்கிறது மட்டும்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.