காறல்மான் கதையில் எதிரி யார்?



கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கீசரைத் திருகோணமலை மறக்கவில்லை. அவர்களது வருகையை ஒட்டி நம் கரைகளுக்கு இன்னொன்றும் வந்தது. அதுதான் ஐரோப்பிய வீரகதை. மன்னாரில் ‘என்றீக்கு எம்பரதோர் நாடகம்’ என்றொரு கூத்து உண்டு. ‘எம்பரதோர்’ என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் திரிபு.

அத்தகைய கதைகளுள் புகழ்பெற்றது ‘காறல்மான் சரிதம்’. கேரளக் கரையில் பலகை மேடை அதிர மிதித்தாடும் சவிட்டு நாடகம் இது. தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் சின்னத்தம்பி அண்ணாவி இயற்றினார் என்பது மரபு. ‘அண்ணாவி’ என்ற சொல் நம் கூத்துக் களரிக்கும் உரியதல்லவா? காறல்மான் என்பவர் பிராங்கிய மன்னர் சார்லமேன். அவருடைய பன்னிரு வீரருள் தலையாயவன் றோல்தான், அதாவது ரோலன்.

வரலாற்றில் இச்செய்தி மிகச் சிறியது. 778 ஆகஸ்ட் 15இல், ஸ்பெயினிலிருந்து திரும்பிய பிராங்கியப் பின்படை பிரனீஸ் மலைக் கணவாயில் அழிந்தது, ரோலனும் மாண்டான். மன்னரின் வரலாற்றை 9ஆம் நூற்றாண்டில் எழுதிய எயின்ஹார்ட், தாக்கியவர்களாகக் குறிப்பது பாஸ்க் மலைமக்களையே.

ஏறத்தாழ 1100இல் எழுந்த பிரெஞ்சுக் காவியமான ‘ரோலன் பாடல்’ இதனை எவ்வாறு மாற்றியது? மூன்று உத்திகளைக் காணலாம்.

முதலாவது, உயர்வு நவிற்சி. நாற்பது வயதை எட்டாத மன்னர் இருநூறு வயது முதியவராகிறார். எதிரிப்படை நான்கு இலட்சமாகப் பெருகுகிறது.

இரண்டாவது, திரும்பக் கூறல். உதவிக்கு ஊதுகொம்பை ஊதுமாறு தோழன் ஒலிவர் மும்முறை கேட்கிறான். ரோலன் மும்முறையும் மறுக்கிறான். கேட்போர் நெஞ்சில் அவன் பிடிவாதம் ஆழப் பதிகிறது. நம் கூத்தில் விருத்தத்தில் சொன்னதைத் தருவிலும் சொல்லி, பிற்பாட்டுக்காரரும் எடுத்துப் பாடுவது இதே பயன் கருதியே.

மூன்றாவது உத்தியே சிந்திக்க வேண்டியது. பாஸ்க் மக்கள் மறைந்து, அவர்களிடத்தில் முஸ்லிம் படை வந்து நிற்கிறது. முதலாம் சிலுவைப்போர் நடந்த காலம் அது. காலம் கேட்ட எதிரியைக் கவிஞர் கொடுத்தார். கடல்வணிகத்தில் முஸ்லிம் வணிகரோடு போர்த்துக்கீசர் மோதிய நாட்களில், அதே எதிரி சவிட்டு மேடைக்கும் பொருந்திப்போனான்.

எனினும் அப்பிரெஞ்சுக் கவிஞர் எதிரித் தலைவனின் வீரத்தை மறைக்கவில்லை. இவன் கிறிஸ்தவனாகப் பிறந்திருந்தால் எத்தகைய வீரன் என்று வியக்கிறார். கம்பரும் இராவணனை உயர்த்தியே இராமனை உயர்த்தினார். தாழ்ந்தவனை வென்றதில் வீரமேது?

இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் ஒரே துறைமுகத்தை நம்பி வாழும் ஊர் எங்களுடையது. பாடசாலை மேடைக்கு வீரகதை எழுதும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கதையில் வரும் எதிரி உண்மையில் அங்கே நின்றவனா, அல்லது இன்றைய பகையை நிரப்ப நாம் கொண்டுவந்து நிறுத்தியவனா? வீரனின் புகழை ஆராய்வது போலவே எதிரியின் பிறப்பையும் ஆராய்வது இலக்கியக் கல்வியின் கடமை.