சட்டைப்பைக் கைத்துப்பாக்கி

சட்டைப்பையில் மறையும் கைத்துப்பாக்கி, ஏந்துவோனைக் காக்குமா? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹென்றி டெரிஞ்சர் என்பார் செய்து விற்ற சிறு துப்பாக்கியை எடுத்துக் கொள்வோம். நீளம் ஏறக்குறைய 6 அங்குலம், சுமப்பது எளிது, பிறர் கண்ணிற் படாது. தற்காப்பை நாடியோர் அதனை விரும்பியதில் வியப்பில்லை.

ஆயின், குறைகளும் உள. குழல் குட்டையாதலின் தொலைவிற் குறி தவறும். கொள்வதோ ஒரே குண்டு. மீண்டும் மருந்திட்டுக் குண்டு செலுத்துமுன் எதிரி நெருங்கி விடுவான்.

1865 ஏப்ரல் 14ஆம் நாள், வாஷிங்டன் நாடக அரங்கொன்றில் ஆபிரகாம் லிங்கனை ஜோன் வில்க்ஸ் பூத் என்பவன் சுட்டது இத்தகைய துப்பாக்கியாலேயே. பின்னின்று அணுகியவனுக்கு ஒரு குண்டே போதியதாயிற்று. தற்காப்போனுக்குக் குறையானவை கொலைஞனுக்குத் தடையாகவில்லை. மறைவு என்னும் நலமோ அவனுக்கே பெரிதும் துணைநின்றது. நன்மை தீமைகளை எடைபோடுவோர் இதனை மறத்தலாகாது.