பனிப்பாதைக்கு ஒரு கால் கவசம்

உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் சாங்க்ரி என்றொரு மலைக்கிராமம் இருக்கிறது. கேதார்காந்தா சிகரத்துக்கு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுவார்கள். சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 3,800 மீட்டர். குளிர்காலத்தில் பாதையே தெரியாத அளவுக்குப் பனி கொட்டிக் கிடக்கும். சில இடங்களில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். அதனால் மலையேறுகிறவர்கள் பாதத்துக்கு மேலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை ஓர் உறையை மாட்டிக்கொள்வார்கள். அதுதான் கெய்ட்டர். சாங்க்ரியில் வாடகைக்கும் கிடைக்கும்.

தண்ணீர் புகாத பூட்ஸ் போட்டிருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். பூட்ஸின் அடியும் பக்கமும் தண்ணீரைத் தடுக்கும், சரி. வாய்ப்பக்கம் திறந்துதானே இருக்கிறது? பனியில் கால் புதையும்போதெல்லாம் கொஞ்சம் பனி அந்த இடைவெளி வழியாக உள்ளே இறங்கிவிடும்.

இறங்கிய பனி சும்மா இருக்காது. 1 கிராம் பனி உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். அதை உங்கள் காலிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். உருகிய நீர் சாக்ஸில் ஊறும். அந்த 1 கிராம் நீர் ஆவியாகி சாக்ஸ் காய வேண்டுமானால், இன்னும் சுமார் 2,400 ஜூல் தேவை. உருக்குவதைவிட உலர்த்துவதற்கு ஏழு மடங்கு செலவு! இதோடு முடியவில்லை. கம்பளி சாக்ஸ் நம்மைச் சூடாக வைத்திருப்பதே அதன் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றினால்தான். அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். விரல்கள் மரத்துப்போகும், குளிர் கடுமையாக இருந்தால் சதையே உறைந்து கெட்டுப்போகலாம்.

அப்படியானால் சொட்டு நீர்கூட நுழையாத பிளாஸ்டிக் தாளைக் காலில் சுற்றிக்கொள்ளலாமே? கூடாது. மலையேறும்போது காலும் வியர்க்கும். வியர்வை வெளியேற வழியில்லாவிட்டால் சாக்ஸ் உள்ளிருந்தே நனையும். கெய்ட்டர் வாங்குகிற பலர் மறந்துவிடுவது இதைத்தான். வெளியே இருக்கும் நீரைத் தடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஆவியை விடவும் வேண்டும்.

இதற்கு விடை சொன்னவர் அமெரிக்காவின் பாப் கோர். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான் பொருளைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்தார். அறுந்து அறுந்து போனது. 1969-இல் ஒருநாள் வெடுக்கென்று இழுத்தார். அறுபடாமல் பல மடங்கு நீண்டது! உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள். நீர்த்துளி அவற்றில் நுழைய முடியாது. தனித்தனி மூலக்கூறுகளாகத் திரியும் நீராவி எளிதாக வெளியேறிவிடும். கோர்-டெக்ஸ் என்ற துணி பிறந்தது இப்படித்தான்.

நல்ல கெய்ட்டரின் மேல்பாதி இப்படிப்பட்ட, ஆவியை வெளிவிடும் துணியால் ஆனது. கீழ்ப்பாதி தடித்த நைலான், ஏனென்றால் பாறை உரசுவது அங்கேதான். உட்பக்கக் கணுக்காலை இன்னும் கவனமாகப் பாருங்கள். உறைந்த பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் முள்சட்டம் மாட்டுவார்கள். ஒரு காலின் முள் மறுகாலின் துணியைக் கிழித்துவிடும். அதனால் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு தடித்த ஒட்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும்.

பாதத்துக்கு அடியில் ஓடும் பட்டைதான் முதலில் தேயும். கழற்றி மாற்றக்கூடிய பட்டையாக இருந்தால் நல்லது. முன்பக்கம் அகலமான வெல்க்ரோ இருந்தால் கையுறையோடே மாட்டலாம். ஜிப்பில் ஈரம் உறைந்துவிட்டால் திறக்கவே வராது. கீழ்முனையில் ஒரு சிறு கொக்கி இருக்கும். அதை பூட்ஸ் கயிற்றில் மாட்டாவிட்டால் நடக்க நடக்க உறை மேலேறிவிடும்.

பழைய கெய்ட்டரா? மேலே நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் துணியின் மேலுள்ள நீர் ஒட்டாத பூச்சு நன்றாக இருக்கிறது. துணி கருத்து ஈரம் பரவினால் பூச்சு தேய்ந்துவிட்டது. ஊறிய துணி ஆவியையும் சரியாக வெளியே விடாது.

மாட்டும் முறை மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. ஆழமான பனியில் கெய்ட்டர் பேன்ட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கொட்டும் மழையிலோ, மழைப் பேன்ட்டின் கீழ்நுனி கெய்ட்டருக்கு வெளியே தொங்க வேண்டும். ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது ஏறி நிற்பதுபோல! மாற்றிப் போட்டால் பேன்ட்டில் வழியும் நீர் நேராக பூட்ஸுக்குள் போய்விடும்.

சிறுவர்களே, பெரியவர்களுடையதை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். மேல்நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் உங்கள் காலுக்கு அது தொளதொளவென்றுதான் இருக்கும். பனி மேலிருந்து உள்ளே விழும். உங்கள் அளவைக் கேட்டு வாங்கி, நடக்கப்போகும் அதே பூட்ஸோடு போட்டு, சில படிகள் ஏறி இறங்கிப் பாருங்கள்.