கட்டிப் போட்டால் குட்டி போடும்... வேலி தாண்டினால்?

பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் மயிலிறகை வைத்து, குட்டி போடும் என்று காத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மயிலிறகு ஏமாற்றிவிட்டது. ஏமாற்றாத ஒன்று உண்டு. ரணகள்ளி இலை!

நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிடுங்கள். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சில நாளில் இலை ஓரத்தில் வேரும் தளிருமாகக் குட்டிகள் எட்டிப் பார்க்கும். 'கட்டிப் போட்டால் குட்டி போடும்' என்றே இதற்கு ஒரு பெயர்.

செஞ்சியை அடுத்த வல்லம் போன்ற ஊர்களில் இதற்குத் தொட்டிகூடத் தேவையில்லை. உடைந்த குடம் போதும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு இலை கிள்ளிக் கொடுப்பார். அடுத்த வருடம், "ஒண்ணுதாங்க வெச்சேன், வாசல் பூரா ஆயிடுச்சு!" என்ற பேச்சு. மிஞ்சியதை வாரிக் குப்பைமேட்டிலோ ஏரிக்கரையிலோ கொட்டுவார்கள்.

வம்பு அங்கேதான்!

125 மாடுகள் பலி

ரணகள்ளி நம்மூர்ச் சரக்கு அல்ல. மடகாஸ்கர் தீவில் பிறந்தது. 1799-ல் மொலுக்கா தீவிலிருந்து கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு இதைக் கொடுத்தவர், அப்போதைய சென்னை கவர்னரின் மனைவி லேடி கிளைவ்.

இதன் பங்காளி ஒன்று உண்டு. குழல் மாதிரி இலை, நுனியில் கொத்தாகக் குட்டிகள். 'மதர் ஆஃப் மில்லியன்ஸ்' என்று பெயர். ஆஸ்திரேலியாவுக்கு அழகுச் செடியாகப் போய், வேலி தாண்டி மேய்ச்சல் நிலத்தில் இறங்கியது. 1997-ல் மோரீ என்ற ஊர் அருகே இதைத் தின்ற 125 மாடுகள் செத்து விழுந்தன. இதயத்தைத் தாக்கும் விஷம்!

அதே வகை விஷம் ரணகள்ளியிலும் இருக்கிறது. கல்லடைப்புக்கு என்று மெல்லுகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேட்பது நல்லது.

சைதாப்பேட்டை கள்ளித் தோட்டம்

"அதெல்லாம் வெளிநாட்டுக் கதை சார்" என்பீர்கள். நம்மூர்க் கதையும் இருக்கிறது.

சிவப்புச் சாயத்தின் மேல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. சாயப் பூச்சிக்குத் தீனி, அமெரிக்காவின் சப்பாத்திக்கள்ளி. சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளிக்கென்றே தோட்டம் போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவில் கொண்டுவந்து இறக்கினார்.

வந்தது மட்ட ரகம். சாயம் தேறவில்லை. அந்தப் பூச்சி ஒரு ரகக் கள்ளியை மட்டும் தின்றது. இன்னொரு ரகம் வயல், மேய்ச்சல் என்று பார்க்காமல் முள்ளை விரித்தது. அதை அடக்க 1926-ல் இலங்கையிலிருந்து வேறு பூச்சியைக் கூப்பிட வேண்டியதாயிற்று! சில வருடங்களில் கள்ளிக்காடுகள் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் ஆகிச் சரிந்தன.

ரணகள்ளிக்கு அப்படி ஒரு பூச்சியைத் தேடும் நிலை வரக்கூடாது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது. சுற்றிலும் பாறை, இடுக்கில் பிடி மண். சதைப்பற்றுள்ள செடிக்கு அதுவே சொகுசு பங்களா. அந்த அடிவாரத்தில்தான் ஆடுமாடும் மேய்கிறது.

செடியை வளர்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. தொட்டியோடு இருக்கட்டும். உதிர்ந்த இலையைப் பொறுக்கிவிடுங்கள். மிஞ்சியதைச் சும்மா காயப் போட்டால் சாகாது, குட்டிதான் போடும்! கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பல வாரம் மொட்டை மாடி வெயிலில் கிடத்துங்கள். பிரித்துப் பார்க்கும்போது எல்லாம் கூழாகி நாறினால், வேலை முடிந்தது.