தூண்டில்காரர்கள் அறிந்த காவிரி மீன்

1946-இல் மைசூர்ப் பகுதியில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீனின் எடை 120 பவுண்டு. ஏறத்தாழ 54 கிலோ. பிடித்தவர் டி வெட் வான் இஞ்சன். வேட்டை விலங்குகளைப் பாடம் செய்வதில் பேர்போன மைசூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். கெண்டை இனத்தில் ஒரு மீன் இவ்வளவு பெரிதாக வளருமா என்று மலைக்க வைத்தது அந்த மஹ்சீர். தலையை ஒட்டியே முதுகு திமில்போல் எழும்பியிருக்கும். துடுப்புகளில் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். காவிரியையும் அதன் துணையாறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இதற்கு இயற்கையான வாழிடம் இல்லை.

இதைக் கரைசேர்ப்பது சாதாரண வேலையல்ல. தாடையில் பற்கள் கிடையாது. பற்களெல்லாம் தொண்டைக்குள் இருக்கின்றன. நத்தை ஓட்டையும் நண்டு ஓட்டையும் அங்கேதான் நொறுக்குகிறது. தூண்டில் முள்ளே நசுங்கிப்போவதும் உண்டு. முள் மாட்டியதும் வேகநீரில் பாய்ந்து பாறைகளுக்கிடையே ஓடும். தூண்டில் நரம்பு பாறையில் உரசி அறுந்துவிடும். காவிரிக்கரையில் இதற்குப் பேர்போன இரை, கெட்டியாகக் கிண்டி உருட்டிய கேழ்வரகு மாவுதான்.

1870-களிலேயே ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இந்த மீனைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனாலும் இதற்கு அறிவியல் பெயர் இல்லாமலே ஒன்றேகால் நூற்றாண்டுக்குமேல் கடந்தது. 2007-இல் குருப், ராதாகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மஹ்சீர்களை ஆராய்ந்து, ‘தோர் ரேமாதேவி’ என்ற புதிய இனமாக அறிவித்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மீனியல் அறிஞர் ரேமாதேவியின் பெயர் அது. பாம்பாறு அமராவதியில் கலந்து காவிரிக்கு வரும் நீர்தான். இருந்தும் அந்தச் சின்ன மீனையும் காவிரியின் திமில் மீனையும் அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நீலகிரி அடிவாரத்து மோயாற்றில் கிடைத்த மீன்களின் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்ட பிறகு, இரண்டும் ஒன்றே என்று 2018-இல் தெளிவானது. அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை ‘மிக அருகிவிட்ட இனம்’ என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்தது.

அணைகள், மணல் அள்ளுதல், வெடி போட்டு மீன் பிடித்தல் எல்லாமே இதைக் குறைத்தன. ஆனால் என்னை மிகவும் வருத்துவது, நல்லெண்ணத்தோடு செய்த ஒரு காரியம். ஆற்றில் மஹ்சீர் குறைகிறது என்று கவலைப்பட்டவர்கள், 1970-களிலிருந்து லோனாவ்லா பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் காவிரியில் விடத் தொடங்கினார்கள். அவை நீலத்துடுப்பு மஹ்சீர். கிருஷ்ணா ஆற்றுப் படுகையைச் சேர்ந்த வேறோர் இனம். மஹ்சீர் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணியதால் வந்த வினை.

விளைவைக் காட்டிக்கொடுத்தது தூண்டில்காரர்களின் பதிவேடு. கர்நாடகத்தின் காலிபோர் முகாமில் பிடித்த மீனை எடை போட்டு, குறித்துக்கொண்டு, உயிரோடு ஆற்றில் விடுவது வழக்கம். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கில் நீலத்துடுப்பு மீன்கள் பெருகிக்கொண்டே போகின்றன. திமில் மீன்களின் எண்ணிக்கை சரிகிறது. ஆனால் சிக்கியவற்றின் எடை மட்டும் ஆண்டுக்காண்டு கூடுகிறது. எடை கூடுவது நல்ல சேதி போலத் தோன்றலாம். உண்மையில், கிழட்டு மீன்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன, குஞ்சுகள் வளர்ந்து அவற்றின் இடத்துக்கு வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

காட்டுயிர்ச் சட்டத்தின் அடிப்படையில் சரணாலயப் பகுதிகளில் தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டபோது அந்தக் கணக்கும் நின்றுபோனது. தடையின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் காவிரி மீனைப் பற்றி அவ்வளவு நீண்ட பதிவு நின்றது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். சரணாலயத்துக்கு வெளியே, அனுமதியுள்ள இடத்தில் தூண்டில் போடுபவர் கையில் எப்போதாவது ஒரு மஹ்சீர் சிக்கினால், அதை நீரைவிட்டு அதிகம் தூக்காமல் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துவிட்டு விடுவிக்கலாம். முதுகின் வளைவும் துடுப்பின் நிறமும் அதில் தெளிவாகத் தெரிந்தால் போதும், எந்த மஹ்சீர் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண அது பெரிதும் உதவும்.