மாறாத அந்த மூன்று எழுத்துகள்

சிறுவயதில், வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்த அப்பா வியர்த்து, பார்வை மங்கி விழுந்ததைக் கண்டேன். பூச்சிக்கு அடித்தது மனிதரை ஏன் தாக்குகிறது?

விடை ஒரு நொதியத்தில் இருக்கிறது. நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் அசற்றைல்கோலினெஸ்ரரேஸ், பூச்சிக்கும் எமக்கும் பொது. இரண்டினதும் அமினோ அமில வரிசைகளைக் கணினி ஒன்றின்கீழ் ஒன்றாக நிரைப்படுத்தும். 1970 இல் நீடில்மன், வுன்ஷ் இருவரும் இதற்கொரு நெறிமுறையை வெளியிட்டனர்.

ஒப்பிட்டால் பல இடங்கள் வேறுபடும். செரீன், குளுட்டமேற்று, ஹிஸ்ரிடின் மூன்றும் தத்தம் இடத்தில் அப்படியே நிற்கும். அவை மாறினால் நொதியம் வேலைசெய்யாது. அதனாலேயே பரிணாமத்தில் நிலைத்தன.

ஓர்கனோபொசுபேற்று மருந்துகள் பற்றிக்கொள்வது அந்தச் செரீனைத்தான். அதற்குப் பூச்சி, உழவன் என்ற பேதமில்லை. ஆகவே, காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிக்காதீர்கள். கையுறையும் முகமூடியும் அணியுங்கள்.